இசைத்தொகுப்பு மறுகேட்பு

இசைத்தொகுப்பு மறுகேட்பு என்பது ஒருவர் தம்மிடம் உள்ள இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு முதலியவற்றை மீண்டும் மீண்டும் இயக்கிக் கேட்கும் பழக்கத்தையும், அவ்வாறு கேட்கப்படும் தடவைகளின் எண்ணிக்கையையும் குறிக்கும். ஒரு தொகுப்பு எத்தனை படிகள் விற்றது என்பதை விற்பனைக் கணக்கு காட்டும். வாங்கியவர் அதனை எத்தனை முறை கேட்டார் என்பதை அக்கணக்கு காட்டுவதில்லை. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் தட்டின் உரிமையாளர் ஒருவராகவும், அதனைக் கேட்போர் ஊராராகவும் இருந்த நிலை நெடுங்காலம் நிலவியது. ஆகையால் இப்பகுதியின் மறுகேட்பை உரிமையாளரை மட்டும் கொண்டு கணக்கிட இயலாது.

சொல்லும் பொருளும்

தமிழில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும் தடவையைக் குறிக்க 'உரு' என்னும் சொல் உண்டு. மந்திரத்தை இத்தனை உரு செபித்தல் என்பதும், பாடத்தை உருப்போடுதல் என்பதும் இதன்வழி வந்த வழக்குகள். இசைத்தட்டு வந்தபின் இதற்கு இணையாக மற்றொரு வழக்கும் தோன்றியது. சொன்னதையே சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்பர். ஊசி ஒரே வரிப்பள்ளத்தில் சிக்கி, பாடலின் ஒரு சிறு பகுதியே மீண்டும் மீண்டும் ஒலிப்பதிலிருந்து இத்தொடர் பிறந்தது.

தொகுப்பு என்னும் கருத்தும் தட்டுகளின் காலத்தையே சேர்ந்தது. தொடர்புடைய பல தட்டுகளை ஒளிப்படங்களைத் தொகுக்கும் ஏடு போன்ற அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றனர். அப்புத்தகத்திற்கு வழங்கிய 'ஆல்பம்' என்னும் ஆங்கிலப் பெயரே பிற்காலத்தில் நெடுந்தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் நிலைத்தது.

ஊடகமும் மறுகேட்பின் எல்லையும்

ஒரு பாடலை எத்தனை முறை கேட்கலாம் என்பதை விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒவ்வோர் ஊடகமும் அதற்கு ஓர் எல்லையை வைத்திருந்தது.

இசைத்தட்டு: இந்தியாவில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902 ஆம் ஆண்டில் தொடங்கியது. 1908 இல் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குலத் தட்டு அரக்கினால் ஆனது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே பாடல் அடங்கும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் அறிவுரை. சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்தியோரின் தட்டுகள் விரைவில் இரைச்சலிடத் தொடங்கின. மின்வசதி இல்லாத வீடுகளில் கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கேற்றினால்தான் பெட்டி பாடும். இவ்வாறு ஒவ்வொரு மறுகேட்பும் சிறிது உழைப்பையும், ஓர் ஊசியையும், தட்டின் ஆயுளில் ஒரு பகுதியையும் செலவாக எடுத்துக்கொண்டது.

1948 இல் அமெரிக்காவில் வினைல் நெடுந்தட்டும், 1949 இல் 45 சுற்றுக் குறுந்தட்டும் அறிமுகமாயின. நெடுந்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேல் ஒலிக்கும். ஒரு பாராயண நூலை இடையில் நிறுத்தாமல் கேட்கும் வாய்ப்பு இதனால் கிட்டியது. எம். எஸ். சுப்புலட்சுமி பாடி 1963 இல் வெளிவந்த வெங்கடேச சுப்ரபாதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

ஒலிநாடா: பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. இந்தியாவில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் இது பரவலாயிற்று. அறுபது நிமிடப் பேழையினுள் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா உண்டு. ஒவ்வொரு முறையும் அந்நாடா ஒலித்தலையை உரசிச் செல்வதால், அதன்மீது பூசப்பட்ட காந்தத் துகள்கள் சிறிது சிறிதாக உதிர்கின்றன. நாடா சிக்கிக்கொள்வதும், அதனை எழுதுகோலால் சுற்றிச் சரிசெய்வதும் அக்காலத்தினர் அனைவரும் அறிந்தவை.

ஒலிநாடா கேட்பவரையே தொகுப்பாளர் ஆக்கியது. விரும்பிய பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதி, ஒரு வெற்றுப் பேழையுடன் பாடல் பதிவுக் கடையில் கொடுத்தால் சில நாட்களில் தொகுப்பு கிடைத்துவிடும். இவ்வாறு பதிந்த பேழைகளில் பெரும்பாலானவை எந்த விற்பனைக் கணக்கிலும் இடம்பெறாதவை. ஆயினும் கேட்பவர் தாமே தெரிந்தெடுத்த பாடல்கள் என்பதால், மறுகேட்பில் இவை முன்னிற்பது இயல்பே.

குறுந்தகடும் எண்ணிமக் கோப்பும்: 1982 இல் வந்த குறுந்தகட்டை ஒளிக்கதிர் தொடாமலே படிக்கிறது. மறுகேட்பினால் தேய்மானம் நேராத முதல் பரவலான ஊடகம் இதுவே எனலாம். பாடலை இடைவிடாது திரும்ப ஒலிக்கச் செய்யும் பொத்தானும் இக்கருவிகளுடன் பொதுவழக்காயிற்று. எம்பி3 கோப்புகள் பரவியபின் ஒரே தகட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் அடங்கின. அவற்றுள் கேட்கப்படுபவை சிலவே என்னும் நிலையும் உடன் வந்தது.

கொங்கு நாட்டில் மறுகேட்பு

இல்லங்களும் வழிபாடும்: கொங்கு நாட்டின் முதல் பெரும் இசைத்தட்டுப் புகழாளராகக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளைக் (1908–1980) குறிப்பிடலாம். நாடக மேடையில் ஓர் இரவில் ஒலித்து மறைந்த குரல், தட்டின் வழியாக வேண்டியபோதெல்லாம் கேட்கக்கூடியதாயிற்று.

வழிபாட்டு மறுகேட்பிற்குக் கந்தர் சட்டி கவசம் தனிச் சான்றாகும். தேவராய சுவாமிகள் இயற்றிய இந்நூல் ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை முருகன் கோயிலில் அரங்கேறியது என்பது மரபுச் செய்தி. நாளொன்றுக்கு 36 உரு ஓதுமாறு நூலே அறிவுறுத்துகிறது. சூலமங்கலம் சகோதரிகளான ஜெயலட்சுமி, ராஜலட்சுமி ஆகியோர் பாடிய ஒலிப்பதிவு ஏறத்தாழ 20 நிமிடம் நீள்வது. 36 உருவையும் அவ்வேகத்தில் ஓதினால் 12 மணி நேரம் ஆகும். நாள்தோறும் காலையில் ஒரு முறை மட்டும் ஒலிக்கவிடும் இல்லத்திலும் ஓராண்டில் 365 தடவையும், இருபது ஆண்டுகளில் 7,300 தடவையும் அப்பதிவு ஒலித்துவிடும். எத்துணைப் பெரிய வெற்றி பெற்ற திரைப்பாடலையும் ஒருவர் விருப்பத்தின்பேரில் இத்தனை முறை கேட்பது அரிது. மறுகேட்பின் உச்சத்தைப் பொழுதுபோக்கில் தேடாமல் வழக்கத்தில் தேட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

ஒலிபெருக்கி: திருமணம், சீர், பூப்பு நீராட்டு, மாரியம்மன் நோன்பு ஆகியவற்றிற்கு 'மைக் செட்' வைப்பது இப்பகுதி ஊர்களின் வழக்கம். மரத்தின் உச்சியிலோ கம்பத்திலோ குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, விழா முடியும்வரை பாடல்கள் ஒலிபரப்பப்பட்டன. ஒலிபெருக்கி உரிமையாளரிடம் இருந்த சில பெட்டித் தட்டுகளே சுற்றுவட்டார ஊர்கள் அனைத்திற்குமான இசை நூலகமாக விளங்கின. முதலில் விநாயகர் பாடல், அடுத்து முருகன் அல்லது அம்மன் பாடல், பின்னரே திரைப்பாடல் என்பது எழுதப்படாத ஒழுங்கு. சின்னப்பா தேவர் தயாரித்த தெய்வம் (1972) திரைப்படத்தில் மருதமலை முருகனைப் போற்றி மதுரை சோமு பாடிய பாடல் இவ்வழியே பெரிதும் பரவியது.

இவ்வகை ஒலிபரப்பைச் சட்டமும் கருத்திற் கொண்டுள்ளது. 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், திருமணத்தையும் அதனைச் சார்ந்த நிகழ்வுகளையும் உள்ளிட்ட சமயச் சடங்குகளில் பாடல்களை ஒலிக்கவிடுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. மறுபுறம், 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. கேட்க விரும்பாதவரும் கேட்க நேர்வது பொதுவெளி மறுகேட்பின் மறுபக்கம் ஆகும். தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் நோயாளிக்கும் அது துன்பமாக அமைவதுண்டு.

பேருந்து, தேநீர்க்கடை, பணியிடம்: தனியார் நகரப் பேருந்துகளில் ஒலிநாடாக் கருவி பொருத்தப்பட்டபின் ஓட்டுநரின் தெரிவே பயணிகளின் தெரிவாயிற்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பேருந்தில் ஏறிய மாணவரும் தொழிலாளரும் தாம் வாங்காத தொகுப்புகளை மனப்பாடமாக அறிந்திருந்தனர். திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களிலும் தையற்கூடங்களிலும் வேலைக்கிடையே பாடல் ஒலிப்பது வழக்கம். பிரித்தானியாவில் தொழிலாளருக்கென பிபிசி வானொலி 1940 முதல் 1967 வரை நாள்தோறும் இசை நிகழ்ச்சி நடத்தியது இதனுடன் ஒப்பிடத்தக்கது.

கதை வசனம்: பாடல் அல்லாத தொகுப்புகளும் பெருமளவில் மறுகேட்பிற்கு உள்ளாயின. திருவிளையாடல் (1965) படத்தின் உரையாடல் பதிவும், வழக்குமன்றக் காட்சிகளால் புகழ்பெற்ற விதி (1984) படத்தின் வசன ஒலிநாடாவும் தேநீர்க்கடைகளிலும் விழாக்களிலும் தொடர்ந்து ஒலித்தன. முடிவு தெரிந்த கதையையே மக்கள் மீண்டும் விரும்பிக் கேட்டனர். இரவு முழுதும் உடுக்கை அடித்துப் பாடப்படும் அண்ணன்மார் சுவாமி கதையைக் கேட்டுப் பழகிய கொங்கு நாட்டார்க்கு இது புதிதன்று.

காரணங்கள்

அறிந்ததை நாடும் மனப்போக்கை உளவியலார் பலவாறு விளக்கியுள்ளனர்.

- பழக்கத்தால் வரும் விருப்பம்: ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதே அதன்மீது விருப்பத்தைத் தோற்றுவிக்கும் என இராபர்ட் சயான்சு 1968 இல் எடுத்துக்காட்டினார்.
- தெவிட்டல்: விருப்பம் முதலில் உயர்ந்து, ஓர் எல்லைக்குப்பின் தாழும் என்பது தானியேல் பெர்லினின் கருத்து. எளிய பாடல் விரைவில் தெவிட்டுவதையும், நுட்பமான இசை மெல்ல இனிப்பதையும் இதனால் விளக்கலாம்.
- உணர்ச்சி: மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரெடரிக் கான்ராடும் குழுவினரும் 204 பேரிடம் அவர்கள் மிகுதியாகக் கேட்கும் பாடலைப் பற்றி வினவி, 2018 இல் முடிவுகளை வெளியிட்டனர். தம் மதிப்பீட்டின்படி, மகிழ்ச்சி தரும் பாடலைத் தெரிந்தவர்கள் சராசரியாக 175 தடவை கேட்டிருந்தனர். இன்பமும் துயரமும் கலந்த பாடலைத் தெரிந்தவர்கள் சராசரியாக 790 தடவை கேட்டிருந்தனர்.
- வழக்கமும் வழிபாடும்: காலைக் கவசம் போல, கேட்பவரின் அப்போதைய மனநிலையைச் சாராமல் நாளின் ஒழுங்கைச் சார்ந்து நிகழும் மறுகேட்பு.

அளவிடுதல்

தட்டு, நாடா ஆகியவற்றின் காலத்தில் மறுகேட்பை எண்ணும் கருவி ஏதும் இல்லை. தேய்ந்த வரிப்பள்ளமும் மங்கிய ஒலியுமே சான்றாக நின்றன. 2000களில் கணினி இசைக் கருவிகள் ஒவ்வொரு பாடலும் ஒலித்த தடவையைக் குறித்து வைக்கத் தொடங்கின. 2002 இல் இங்கிலாந்தில் உருவான ஆடியோஸ்குரோப்ளர் அவ்வெண்ணிக்கைகளைத் திரட்டிய முன்னோடி ஆகும். 2019 இல் இந்தியாவிற்கு வந்த ஸ்பாட்டிஃபை, ஒரு பாடல் 30 நொடிகள் ஒலித்தால் அதனை ஒரு கேட்பாகக் கணக்கிடுகிறது.

இவ்வெண்கள் துல்லியமானவை போலத் தோன்றினும் குறையுடையவை. ஒரு கைபேசியில் ஒலிக்கும் பாடலைப் பேருந்தில் உள்ள அனைவரும் கேட்டாலும் அது ஒரு கேட்பே. யாரும் இல்லாத அறையில் ஒலித்தாலும் அதுவும் ஒரு கேட்பே. மேலும், இவ்வகைச் சேவைகளில் கேட்பவருக்குத் தொகுப்பு உடைமையாவதில்லை.

கேட்கப்படாத தொகுப்புகள்

உடைமை வேறு, கேட்டல் வேறு என்பதற்கு மறுதலைச் சான்றும் உண்டு. 2016 இல் பிபிசிக்காக ஐசிஎம் நிறுவனம் பிரித்தானியாவில் நடத்திய கருத்துக்கணிப்பில், அண்மையில் இசைத்தட்டு வாங்கியோரில் 48 விழுக்காட்டினர் அதனை அதுவரை ஒலிக்கவிடவில்லை எனத் தெரிவித்தனர். 7 விழுக்காட்டினரிடம் இசைத்தட்டுக் கருவியே இல்லை. ஒருகாலத்தில் ஊருக்கு ஒரு பெட்டித் தட்டு இருந்து ஊரே கேட்டது. இக்காலத்தில் ஒருவரிடம் தட்டு இருந்தும் அவரே கேளாத நிலையும் காணப்படுகிறது.

தேய்மானமும் பாதுகாப்பும்

மறுகேட்பிற்கும் பாதுகாப்பிற்கும் இடையே ஒரு முரண் உள்ளது. மிகுதியாக விரும்பப்பட்ட தட்டு மிகுதியாகத் தேய்ந்தது. இன்று நல்ல நிலையில் கிடைக்கும் படி பெரும்பாலும் குறைவாகக் கேட்கப்பட்ட படியே. ஆகவே, எஞ்சியுள்ள தட்டுகளின் நிலையை மட்டும் கொண்டு அக்காலச் சுவையை மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

பெரும் நிறுவனங்கள் வெளியிட்ட பாடல்களுக்கு மூலப்பதிவு இருப்பதால் மறுபதிப்பு இயலும். உள்ளூர்க் கலைஞர்களின் உடுக்கைப் பாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றைத் தாங்கிய ஒலிநாடாக்களுக்கு அவ்வாய்ப்பு அரிது. அவற்றைக் கேட்பதே அவற்றைத் தேய்ப்பதாகவும் அமைகிறது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965 இல் காங்கேயம் அருகே அண்ணன்மார் கதையைப் பாணர்கள் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அப்பதிவு பாதுகாக்கப்பட்டமையால், அது பின்னர் நூலாகவும் அசைவூட்டத் தொடராகவும் வடிவம் பெற்றது. ஊர் விழாக்களில் ஓடி ஓடித் தேய்ந்த நாடாக்களுக்கு அப்பேறு கிட்டவில்லை. இல்லங்களில் எஞ்சியுள்ள நாடாக்களை மீண்டும் ஒருமுறை ஒலிக்கவிடும்போதே எண்ணிமக் கோப்பாக மாற்றிக்கொள்வது, அவற்றில் உள்ள குரல்களைத் தொடர்ந்து மறுகேட்பிற்கு உரியனவாக வைத்திருக்கும் எளிய வழியாகும்.