கறவை மாட்டின் உடலமைப்பும் சினைப்பிடிப்பும்

கறவை மாட்டின் உடலமைப்பு அதன் சினைப்பிடிப்புத் திறனோடு நெருங்கிய தொடர்புடையது. இதில் பின்பகுதியின் சரிவு முதன்மையானது. இடுப்பெலும்பு முனையைவிடப் புட்டெலும்பு முனை சற்றுத் தாழ்ந்திருந்தால், கன்று ஈன்றபின் கருப்பைக் கழிவுகள் எளிதாக வடியும். புட்டெலும்பு முனை உயர்ந்திருந்தால் பிறப்புறுப்பு சாய்ந்து சாணம் படும். யோனிக்குழாயில் சிறுநீர் தேங்கிக் கருப்பை அழற்சி வரலாம். அகன்ற இடுப்பு ஈனுதலை எளிதாக்கும். கால், குளம்பு நலம் குன்றிய மாடு சினைப்பருவ அறிகுறிகளைத் தெளிவாகக் காட்டாது.

ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனத்தில் எலும்பு தெரியும் மெலிந்த வடிவம் விரும்பித் தேர்ந்தெடுக்கப்பட்டது, சினைப்பிடிப்பு குறைந்ததற்கு ஒரு காரணம். ஏனெனில் ஈன்றபின் உடற்கொழுப்பு மிகுதியாகக் கரைந்தால் சூலகச் செயல்பாடு தாமதமாகும். 1 முதல் 5 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில், ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது. உடலமைப்பு சினைப்பிடிப்பைப் பாதிப்பதால், பொலிகாளைத் தேர்வில் அதன் மகள் மாடுகளின் மடிக்குத் தரும் கவனத்தைப் பின்பகுதிக்கும் தர வேண்டும்.