வெட்டுண்டு போன ஒரு வரி

எழுபதுகளின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. கிராண்ட்பாஸ் வீதியிலிருந்த எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்தார். எங்கள் குடும்பத்தின் பல் வைத்தியரும் அவரேதான். காலி வீதியை அண்டியிருந்த அவரது சிறிய அறையில், கராம்பெண்ணெய் மணத்தின் நடுவே, என் கடைவாய்ப் பற்கள் இரண்டை இழந்திருக்கின்றேன். அன்று அவர் கையில் ஒரு தாள் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை காலை சிறு பிள்ளைகளின் பற்களை இலவசமாகப் பரிசோதிக்கப் போவதாகவும், அதனைச் செய்தியாக வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னம் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டதை மட்டும் வெட்டிப் போடாதையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் இடம் இருக்கவில்லை. செய்தியை நான்கு வரிகளாகச் சுருக்கினேன். முதலில் வெட்டுண்டது அந்த வரிதான். 'இலவசப் பற்சிகிச்சை' என்ற தலைப்பைக் கண்டு வந்தவர்களிற் பெரும்பாலானோர் முரசு வீங்கி, கன்னத்தில் கைவைத்தபடி நின்ற பெரியவர்கள் என்று பின்னர் அறிந்தேன். டொக்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நானும் அதனை ஒரு பெரிய பிழையாக அப்போது கருதவில்லை. பாடசாலைகளில்தான் பல் தாதியர் இருக்கின்றார்களே, ஏன் இந்த அவசரம் என்று எண்ணினேன். அந்த எண்ணம் எங்கே தவறியது என்பதை விளங்கிக்கொள்ள, அந்தத் தாதியரின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

முதலாம் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது நியூசிலாந்து இளைஞர்களின் பற்கள் இருந்த நிலை அந்நாட்டைத் திடுக்கிட வைத்தது. அந்நாட்டு இராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவை நடத்திய தோமஸ் ஹன்டர், 1921 இல் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடக்கி வைத்தார். இளம் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சியளித்து, பாடசாலைகளிலேயே பிள்ளைகளின் பற்களை அடைக்கவும் பிடுங்கவும் அனுப்புவது என்பதே அது. பல் மருத்துவர்களிற் பலர் எதிர்த்தனர். நியூசிலாந்துப் பிள்ளைகளோ அந்தச் சிகிச்சை அறைகளுக்குக் 'கொலைக்கூடம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆயினும் திட்டம் நிலைத்தது. 1949 இல் மலாயாவின் பினாங்கிலும் இத்தகைய பயிற்சிப் பள்ளி ஒன்று எழுந்தது.

1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். அங்கு கருக்கொண்டதே எமது நகரின் பெயரைத் தாங்கிய கொழும்புத் திட்டம். அதன்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு ஐம்பதுகளில் மகரகமவில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி உருவாகியது. அங்கு பயின்ற பெண்கள் நாடெங்கும் பாடசாலைகளுக்குச் சென்றார்கள். பின்னாளில் அவர்கள் 'பாடசாலைப் பற்சிகிச்சையாளர்' என அழைக்கப்பட்டனர். பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகள் அவர்களின் பொறுப்பு. கட்டணமில்லை, பிள்ளையை அழைத்துச் செல்லப் பெற்றோர் ஒருநாள் சம்பளத்தை இழக்க வேண்டியதுமில்லை.

பலனைத் தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்றின் வாயில் சூத்தை விழுந்தோ, அடைக்கப்பட்டோ, அதனால் இழக்கப்பட்டோ இருந்த நிரந்தரப் பற்களின் சராசரி எண்ணிக்கை 1983-84 இல் 1.9. அது 1994-95 இல் 1.4 ஆகவும், 2002-03 இல் 0.9 ஆகவும் குறைந்தது. இக்காலத்தில் புளோரைட் கலந்த பற்பசை உமிக்கரியையும் பற்பொடியையும் பின்தள்ளி வீடுகளுக்குள் வந்ததற்கும் இதிற் பெரும் பங்குண்டு.

ஆனால் அதே 2002-03 ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேருக்குப் பாற்பற்களில் சூத்தை இருந்தது. 2015-16 ஆய்விலும் அந்த விகிதம் அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. பாடசாலைத் தாதி எவ்வளவு திறமைசாலியாயினும், பிள்ளை பாடசாலை வாசலுக்கு வந்த பிறகே அவரால் அதன் வாயைத் திறந்து பார்க்க முடியும். அதற்கு முந்திய ஐந்தாண்டுகள் வீட்டுக்குரியவை. சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடுகின்றோம். இரவு முழுவதும் அந்தப் பால் முன்பற்களின் மேல் தங்கி அவற்றை அரிக்கின்றது. பல் தாதியர் முறையை எமக்குத் தந்த அதே நியூசிலாந்திலிருந்துதான் எமது பால்மாவின் பெரும்பகுதியும் வருகின்றது. சீனி சேர்ப்பது நாங்கள்.

'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று எங்கள் வீடுகளில் சொல்வதுண்டு. இருபது பாற்பற்களும் நிரந்தரப் பற்களுக்கு இடம்பிடித்து வைப்பவை. அவை காலத்துக்கு முன் போனால் பின்வருபவை நெருக்கிக் கோணி முளைக்கும். அதைவிட, வலியால் உண்ணாமலும் உறங்காமலும் வாடுவது அந்தக் குழந்தை.

இதனைத்தான் அந்த டொக்டர் அறிந்திருந்தார். தம் அறைக்குப் பணங்கொடுத்து வரக்கூடிய வெள்ளவத்தைக் குடும்பங்களோடு நின்றுவிடாமல், கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் ஒற்றையறை வீடுகளிலிருந்த தாய்மாரிடம் அவர் தேடிப்போனதும் அதனால்தான். 1983 ஜூலையில் காலி வீதி எரிந்தபோது அவரது அறையும் தப்பவில்லை. சில மாதங்களின் பின் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனார். பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்துவிட்ட இந்தத் திருத்தத்தை இங்கேனும் வெளியிடுகின்றேன்: பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னரே, முதலாவது பிறந்தநாளை ஒட்டியேனும், பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.