நீலமூட்டிய எஃகில் துரு

நீலமூட்டல் என்பது துப்பாக்கி போன்ற எஃகுப் பொருட்களின் மேற்பரப்பை வேதிமுறையில் ஆக்சிசனேற்றி, கருநீல மேக்னடைட் படலமாக மாற்றும் முறையாகும். இப்படலம் பொதுவாக 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத தடிப்பே உடையது, நுண்துளைகள் கொண்டது. எனவே எண்ணெய் பூசாதவிடத்து ஈரமும் வியர்வையிலுள்ள உப்பும் ஊடுருவிச் செந்துருவை உண்டாக்குகின்றன.

குழியரிப்பு

உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் ஓரிடத்தில் குவியும்போது உலோகம் அரிக்கப்பட்டுச் சிறு குழிகள் தோன்றுகின்றன. இது குழியரிப்பு எனப்படும். மேலோட்டமான துருவை நீக்கலாம். குழியில் இழந்த உலோகத்தை மீளப்பெற இயலாது. குழியை மறைக்கச் சுற்றியுள்ள பரப்பையும் அதே ஆழத்துக்குத் தேய்க்க வேண்டும். அப்போது மூல நீலப்படலத்துடன் உற்பத்தி முத்திரைகளும் தொடரெண்ணும் அழியக்கூடும்.

துரு நீக்கும் முறைகள்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே பணி தொடங்கப்படும். துருவில் மெல்லிய எண்ணெயை ஊறவிட்டு, வெண்கல இழைகளாலோ மிக நுண்ணிய எஃகு இழைகளாலோ மெதுவாகத் தேய்ப்பது வழக்கம். வினாகிரி போன்ற அமிலங்கள் ஏற்றவையல்ல. துருவும் நீலப்படலமும் இரும்பின் ஆக்சைடுகளே என்பதால், அமிலம் இரண்டையும் கரைத்துவிடும். மாறாக, கொதிநீர் செந்துருவைக் கரிய மேக்னடைட்டாக மாற்றுகிறது. துருவைக் கொண்டே நீலமூட்டும் பழைய முறைக்கும் இதுவே அடிப்படை.

பாதுகாப்பு

வரலாற்று மதிப்புள்ள துப்பாக்கிகளில் குழிகளை அப்படியே விட்டு, அரிப்பு மேலும் பரவாமல் தடுப்பதே முதன்மை நோக்கமாகும். தோலுறை ஈரத்தைத் தேக்குவதால் அதனுள் நெடுநாள் வைப்பது தவிர்க்கப்படுகிறது. கையாண்டபின் கைரேகைகளைத் துடைத்து எண்ணெயோ மெழுகோ பூசப்படுகிறது.