விளையாட்டுத் தானுந்துகளில் சின்னம் பொருத்தலும் நீக்கலும்

தானுந்துச் சின்னம் என்பது ஒரு தானுந்தின் உற்பத்தி நிறுவனத்தையோ வகையையோ குறிக்க அதன் வெளிப்புறத்தில் இடப்படும் இலச்சினை அல்லது எழுத்து ஆகும். விளையாட்டுத் தானுந்துகளில் இச்சின்னங்களையும் அலங்காரப் பட்டைகளையும் சேர்ப்பதும் நீக்குவதும் பரவலான வழக்கமாகும். தோற்றத்தை எளிமையாக்குதல், எடையைக் குறைத்தல், விலை மிகுந்த வகையாகக் காட்டுதல் ஆகியன இதன் முதன்மையான நோக்கங்கள்.

சின்னங்களின் தோற்றம்

ஜெர்மனியின் போர்ஷ் நிறுவனத்தின் கேடயச் சின்னம் 1952 ஆம் ஆண்டின் இறுதியில் போர்ஷ் 356 தானுந்தின் திசைமாற்றிச் சக்கரத்தில் முதன்முதலாக இடம்பெற்றது. 1954 இல் அது முன்மூடியின் மீதும் பொருத்தப்பட்டது. அதன் நடுவிலுள்ள குதிரை ஸ்டுட்கார்ட் நகரின் சின்னமாகும். இத்தாலியின் ஃபெராரி நிறுவனச் சின்னத்திலுள்ள குதிரை, 1918 இல் போரில் இறந்த விமானி பிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் வரையப்பட்டிருந்தது. அதன் மஞ்சள் பின்னணி மொடேனா நகரைக் குறிக்கிறது.

தொழிற்சாலையிலேயே நீக்கம்

போர்ஷ் 911 கரேரா ஆர்எஸ் 2.7 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1972 அக்டோபரில் பாரிஸ் தானுந்துக் கண்காட்சியில் அறிமுகமான இத்தானுந்து 210 குதிரைத்திறன் கொண்டது. பந்தய விதிகளின்படி 500 தானுந்துகள் செய்தால் போதுமானதாக இருந்தும், மொத்தம் 1580 செய்யப்பட்டன. எடை குறைந்த 'ஸ்போர்ட்' வகையில் பின்னிருக்கைகள், தரைவிரிப்பு, கடிகாரம், மேலங்கிக் கொக்கி, கைத்தாங்கி ஆகியன நீக்கப்பட்டன. முன்மூடியின் உலோகச் சின்னத்திற்குப் பதிலாகத் தொடக்கத்தில் ஒட்டுச் சின்னமே இடப்பட்டது. இவ்வகையின் எடை 960 கிலோகிராம். வசதிகள் கொண்ட 'டூரிங்' வகையின் எடை 1075 கிலோகிராம்.

நீக்கும் முறை

அண்மைக் காலத் தானுந்துகளில் பெரும்பாலான சின்னங்கள் இருபக்க ஒட்டுநாடாவால் பொருத்தப்படுகின்றன. முடி உலர்த்தியால் மிதமாகச் சூடேற்றி, தூண்டில் நரம்பைச் சின்னத்தின் பின்னே செலுத்தி, இருபுறமும் மாறி மாறி இழுத்தால் அது பிரிந்துவரும். எஞ்சிய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் கொண்டு துடைத்து, பின் மெருகூட்ட வேண்டும். உலோகக் கருவியால் நெம்பினால் வண்ணப்பூச்சு கீறப்படும். மறுபூச்சு செய்யப்பட்ட பகுதியில் பூச்சே பெயர்ந்துவரக்கூடும்.

பல ஆண்டுகள் வெயிலில் நின்ற தானுந்தில், சின்னத்தின் அடியிலுள்ள நிறம் மங்காமல் இருப்பதால் அதன் வடிவம் நிழல்போல் தெரியும். மெருகூட்டலால் இது எப்போதும் முழுமையாக மறைவதில்லை. பழைய தானுந்துகளில் சின்னங்கள் துளைகளில் ஆணிகளால் பொருத்தப்பட்டிருந்தால், நீக்கிய பின் துளைகளை அடைத்து மறுபூச்சு செய்ய வேண்டும். ஆகவே, எளிதில் மீட்கக்கூடிய மாற்றம், மீட்க இயலாத மாற்றம் என இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

சின்னமும் உண்மைத்தன்மையும்

கரேரா ஆர்எஸ் 2.7 சேகரிப்பாளர்களிடையே மிக உயர்ந்த விலை பெறுவதால், சாதாரண 911 தானுந்துகளில் பக்கவாட்டுக் 'கரேரா' எழுத்தையும் 'வாத்துவால்' எனப்படும் பின்புற ஸ்பாய்லரையும் பொருத்திப் பல நகல்கள் உருவாக்கப்பட்டுள்ளன. நகல் என்று கூறி விற்பது தவறன்று. அசல் என்று விற்பது மோசடியாகும். வெளித்தோற்றம் அசல்தன்மைக்குச் சான்றாகாது. அசல் ஆர்எஸ் தானுந்தின் அடிச்சட்ட எண் 911360 எனத் தொடங்கும். அதன் பொறியின் வகை எண் 911/83 ஆகும். இவ்வெண்களைத் தொழிற்சாலைப் பதிவுகளுடன் ஒப்பிட்டே வல்லுநர்கள் முடிவு செய்கின்றனர்.

இதற்கு நேர்மாறாக, ஒட்டுச் சின்னத்துடன் வெளிவந்த தானுந்தில் பின்னாளில் உலோகச் சின்னம் பொருத்துவது, அழகூட்டுவதாகத் தோன்றினாலும், அசல் நிலையிலிருந்து விலகுவதாகும். எனவே, நீக்கிய சின்னங்களையும் பட்டைகளையும் உரிமையாளர்கள் பாதுகாத்து வைப்பது பயனுள்ளதாகும்.