பாத் டப் வாங்கப் போறீங்களா? அக்ரிலிக், இரும்பு, கல்... உங்க வீட்டுக்கு எது சரிப்படும்?

பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம் போன்ற நகரங்களில் புது ஃபிளாட் வாங்குபவர்கள் இப்போது குளியலறைக்கென்றே தனியாக ஒரு தொகையை எடுத்து வைக்கிறார்கள். ஷோரூமுக்குள் போனால் வெள்ளை வெளேரென்று வரிசையாக டப்புகள் கிடக்கும். பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், விலை மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். "இது அக்ரிலிக் சார், அது காஸ்ட் அயர்ன், இது ஸ்டோன் ரெசின்" என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போவார்.

உங்கள் வீட்டுக்கு வருவது போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று அவர் கேட்க மாட்டார். குளியலறையை எதை ஊற்றிக் கழுவுகிறீர்கள், டப்புக்குக் கீழே இருக்கும் தளம் எவ்வளவு எடைக்குக் கட்டப்பட்டது என்றும் கேட்க மாட்டார். ஆனால் எந்தப் பொருளில் வாங்க வேண்டும் என்பதை இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் முடிவு செய்ய வேண்டும். டிசைன், கலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஒரு கணக்கு

வழக்கமான ஒரு டப்பில் ஆள் உட்கார்ந்து குளிக்க சுமார் 150 லிட்டர் தண்ணீர் தேவை. நகர்ப்புறத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அளவை வைத்துத்தான் நம் ஊர்க் குடிநீர்த் திட்டங்கள் போடப்படுகின்றன. அதில் சமையல், துணி, கழிவறை எல்லாமே அடக்கம். 2024 மார்ச்சில் பெங்களூருவில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கலாம். டேங்கர் லாரியை நம்பி இருக்கும் அடுக்குமாடி என்றால் இதை யோசித்தே ஆக வேண்டும்.

அடுத்து வெந்நீர். உங்கள் வீட்டு கீசர் 25 லிட்டர் கொள்ளளவு, தண்ணீர் 60 டிகிரி வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 டிகிரி பச்சைத் தண்ணீரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 58 லிட்டர்தான் கிடைக்கும். டப்பில் பாதிகூட நிரம்பாது. 2 கிலோவாட் கீசர் அடுத்த 25 லிட்டரைச் சூடாக்க அரை மணி நேரம் எடுக்கும். அதற்குள் முதலில் விட்டது ஆறிவிடும். டப் வாங்குவதென்றால் பெரிய கீசருக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். இல்லையென்றால் ஆறே மாதத்தில் அது அழுக்குத் துணி போடும் தொட்டியாகிவிடும். பல வீடுகளில் அதுதான் நடக்கிறது.

தளம் தாங்குமா?

வீட்டுக் கட்டடங்களின் பாரத்துக்கான இந்தியத் தர நிர்ணயம், அதாவது ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி, குளியலறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்கிறது. சுமார் 200 கிலோ. 170 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலமுள்ள டப் அடைக்கும் இடத்துக்கு இது 260 கிலோ வரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அக்ரிலிக் டப் 30 கிலோ, தண்ணீர் 150, ஆள் 70. மொத்தம் 250. அளவுக்குள் வந்துவிடுகிறது. அதே அளவில் வார்ப்பிரும்பு டப் வெறுமனே 120 கிலோவுக்குக் குறையாது. தண்ணீரும் ஆளும் சேர்ந்தால் 340. ஸ்டோன் ரெசினில் செய்த பெரிய டப்புகளும் இந்த எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அதற்காக 340 கிலோ வைத்ததும் தளம் இடிந்து விழுந்துவிடாது. பாரம் பக்கத்துக்குப் பரவும். ஆனால் நம் ஃபிளாட்டுகளில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, குழாய் போட்டு, மேலே செங்கல் ஜல்லியோ மணலோ கொட்டி நிரப்பியிருப்பார்கள். 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பினாலே சதுர மீட்டருக்கு 300 கிலோ தாண்டிவிடும். பில்டர் அதைக் கணக்கில் எடுத்தாரா என்பது வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். கனமான டப் வேண்டும் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். லிஃப்டுக்குள் நுழையுமா என்றும் அளந்துகொள்ளுங்கள். பன்னிரண்டாம் மாடிக்குப் படி வழியாக 120 கிலோ இரும்பைத் தூக்க ஆள் கிடைப்பது லேசில்லை.

அக்ரிலிக்: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்

அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்து, பின்பக்கம் ஃபைபர் கிளாஸால் பலப்படுத்துகிறார்கள். எடை குறைவு, தொட்டால் சில்லென்று இருக்காது, நிறம் தகடு முழுக்க ஊறியிருப்பதால் சின்னக் கீறலைத் தேய்த்து பாலிஷ் போட்டால் மறைந்துவிடும்.

ஏமாற்றுவதும் இதில்தான் அதிகம். ஏபிஎஸ் என்ற மலிவான பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய அக்ரிலிக் படலத்தை மட்டும் ஒட்டி, 'அக்ரிலிக் டப்' என்றே விற்பார்கள். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் அடுக்கு தெரியும். உள்ளே அடிப்பாகத்தைக் கையால் அழுத்துங்கள். அமுங்கினால் வாங்காதீர்கள். அடிப்பாகம் அசைந்துகொண்டே இருந்தால் ஓரத்தில் போட்ட சிலிகான் விட்டுப்போய், தண்ணீர் பின்னால் இறங்கும். முதலில் கறை படிவது கீழ்வீட்டுக்காரரின் கூரையில்தான்.

அக்ரிலிக்குக் கொதிநீரும் ஆகாது, தின்னரும் ஆகாது. இம்மர்ஷன் ராடு போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் அந்த இடம் இளகி உருமாறலாம். பெயின்டர் சொட்டிய பெயின்டைத் தின்னரில் துணி நனைத்துத் துடைத்தால் பளபளப்பு போய்விடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனும் இதைத்தான் செய்யும். அதனால் பெயின்ட் வேலை முடிந்த பிறகுதான் டப்பின் மேலுறையை உரிக்க வேண்டும்.

ஃபைபர் கிளாஸில் மட்டும் செய்த டப் இன்னும் மலிவு. மேலே இருக்கும் ஜெல் கோட் சீக்கிரம் மங்கி, மயிர்க்கோடு போல விரிசல் விடும். வாடகைக்கு விடும் வீடு என்றால் பரவாயில்லை.

இரும்பும் எஃகும்

வார்ப்பிரும்பு டப்பின் மேல் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். கீறல் விழாது, சூட்டுக்கு அஞ்சாது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். முதலில் இரும்பு கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் நெடுநேரம் ஆறாது. தரைத்தளத்தில் தனி வீடு கட்டுபவர்களுக்குப் பொருத்தம். எஃகு டப்பிலும் இதே பூச்சுதான், எடை மிகக் குறைவு. ஆனால் பித்தளைச் சொம்பு கைதவறி விழுந்தால் பூச்சு தெறிக்கும். அந்த இடத்தில் துருப்பிடிக்கும். தெறித்த அன்றே பூச்சு போட்டு அடைத்துவிட வேண்டும்.

ஆசிட் பாட்டிலை மறந்துவிடாதீர்கள்

போர் தண்ணீர் வரும் வீட்டில் பக்கெட்டின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டப்பிலும் அதே உப்புதான் படியும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை என்கிறது ஐஎஸ் 10500. பல போர்களில் இதைவிட அதிகமாகவே வருகிறது. ஜக்கூஸி வகை டப் என்றால் துளைகளே அடைத்துக்கொள்ளும்.

படிந்ததும் நாம் என்ன செய்வோம்? ஆசிட் ஊற்றுவோம். எனாமல் பூச்சின் பளபளப்பு ஆசிட்டால் மங்கும், மங்கிய இடத்தில் இன்னும் வேகமாக அழுக்கு ஒட்டும். மார்பிள் என்றால் நுரைத்துக்கொண்டு அரிக்கும். கோட்டா கல், கடப்பா கல் இரண்டுமே சுண்ணாம்புக் கல் வகைதான், அவற்றுக்கும் அதே கதி. டைல் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டும் கரையும். கிரானைட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வினிகரை ஐந்து நிமிடம் வைத்துத் துடைப்பது அக்ரிலிக்குக்குப் போதும், கல்லுக்கு அதுவும் கூடாது. ஒன்று மட்டும் கட்டாயம்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில்?

டப்பின் விளிம்பு அரை மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும். முட்டி வலி உள்ளவர் ஈரக்காலோடு அதைத் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ உங்களோடு இருந்தால் டப்பை விட்டுவிட்டு ஷவர் ட்ரே பக்கம் வாருங்கள். உயரம் மூன்று, நான்கு செ.மீ.தான். தரையோடு சமமாகவும் பதிக்கலாம். ஒரே துண்டாக இருப்பதால், நிற்கும் இடத்தில் டைல் இடுக்கே கிடையாது, அந்த வழியாகக் கசிவும் இல்லை.

ட்ரேயில் அக்ரிலிக் மலிவு, ஆனால் அடியில் சிமென்ட் கலவை படுக்கை சரியாகப் போடாவிட்டால் நடக்கும்போது மடங்கும். ஸ்டோன் ரெசின் கல் போல உறுதியாக நிற்கும். ட்ரே சின்னது என்பதால் எடையும் பெரிய பிரச்சினை இல்லை. பணம் இருந்தால் நம் பரிந்துரை இதுதான்.

வழுக்காது என்பதற்கு 'ஆர் 10', 'ஆர் 11' என்று அட்டையைக் காட்டுவார்கள். அது ஷூ போட்டு, எண்ணெய் தடவிய தரையில் செய்யும் சோதனை. நாம் குளிப்பது வெறுங்காலோடு, சோப்புத் தண்ணீரில். அதற்கு ஏ, பி, சி என்று வேறு வகைப்பாடு இருக்கிறது. ஷவருக்கு 'பி' ஆவது வேண்டும். ட்ரேக்கு மட்டுமல்ல, குளியலறை டைலுக்கும் இதே எழுத்தைக் கேளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இருந்தால் 'சி' பாருங்கள், சுவரில் ஸ்டீல் கைப்பிடி ஒன்றும் வையுங்கள். சொரசொரப்பு கூடக்கூட அழுக்கும் கூடுதலாகப் பிடிக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும்.

வேலை நடக்கும்போது

டப்போ ட்ரேயோ, கீழே இருக்கும் டிராப்புக்குக் கை எட்டும்படி ஒரு சின்னக் கதவு விடச் சொல்லுங்கள். அழகு கெடும் என்று மேஸ்திரி டைலால் மூடப் பார்ப்பார், விடாதீர்கள். முடி அடைத்தால் நாளைக்கு டைலை உடைக்க வேண்டிவரும். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாட்டர்புரூஃபிங் முடிந்ததும், டைல் ஒட்டுவதற்கு முன்பே, குழாய் வாயை அடைத்துத் தரை முழுக்கத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். இரண்டாம் நாள் கீழ்வீட்டு மணியை அடித்து, அவர்கள் கூரையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அது உலர்ந்திருந்தால் மேஸ்திரியிடம் டைல் ஒட்டச் சொல்லலாம்.