ஊர்ச் சங்கத்துக் காகிதங்கள்

வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீரம்மன் தேருக்கு ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம், இன்றும் நடக்கிறது. ஊரை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் தோண்டிப் பார்த்து, ரோமாபுரி வாணிகத்தின் அடையாளங்களை எடுத்துக் காட்டினார். இந்தக் கரைக்கு வந்தவர்களின் ஓட்டாஞ்சல்லிக்கு அவ்வளவு மரியாதை! இந்தக் கரையிலிருந்து போனவர்களின் காகிதங்களுக்கு என்ன மரியாதை செய்தோம்?

புதுச்சேரிப் பகுதியிலிருந்து ஸைகோனுக்குக் குமாஸ்தாவாகவும் போலீஸ்காரராகவும் போனவர்கள் உண்டு. ரெயூனியன் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் உண்டு. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பலர் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, புதிய குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே கொள்ளுப்பாட்டனாரைத் தேடுகிறவர், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பெயர்களில் தேட வேண்டும். பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகள் பிரான்ஸில் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஆனால் சர்க்கார் பதிவேடு ஒரு மனிதன் செத்த தேதியைச் சொல்லுமே தவிர, பாடை தூக்கியவர் யார் என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை அந்நிய மண்ணில் நம்மவர்கள் ஊர்ப் பெயரால் கூட்டிய சங்கங்களின் கணக்குகள்தாம்.

சிங்கப்பூரைப் பாருங்கள். தென்காசிச் சீமையிலுள்ள கடையநல்லூரிலிருந்து போய்க் குடியேறிய முஸ்லிம்கள், 1941-இல் ஊர்ப் பெயராலேயே ஒரு லீக் அமைத்தார்கள். யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946-இல், உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடத்தத் தொடங்கினார்கள். அது 1982 வரை நடந்தது. அந்தப் பள்ளியில் படித்தவர்களின் பேரன் பேத்திகளுக்கு, பழைய வருகைப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தாலும் அது குடும்பச் சொத்துத்தான்.

சந்தாப் புத்தகத்தைப் படிக்க ஒரு பக்குவம் வேண்டும். மாதந்தோறும் வந்த சந்தா திடீரென்று நின்றால், மனிதர் இறந்தாரா, ஊர் திரும்பினாரா, வேலை போயிற்றா? மரணப் பதிவேட்டையும் கப்பல் பட்டியலையும் அந்த மாதத்திலிருந்து புரட்டலாம். ஜாமீன் நின்றவர் பெயர் பெரும்பாலும் மைத்துனனோ பங்காளியோ ஆக இருக்கும். அங்கத்தினர் பட்டியலில் பெண்கள் அகப்படுவது அரிது. அவர்களைக் கல்யாண மொய்யிலும், ஆண்டுவிழாப் படத்தின் பின்புறத்திலும் தேட வேண்டும். பிரான்ஸில் என்றால் 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கங்களின் அறிவிப்பு அரசாங்க கெஜட்டில் வெளியாகும். அதுவும் நல்ல வழிகாட்டி.

பெரியவர் காலமானதும் வீட்டை ஒழிக்கிறோம். பித்தளையை நிறுத்து வாங்கிக்கொள்ள ஆள் வருகிறான். பழைய ரசீதுகளை அடுப்பு வாங்கிக்கொள்கிறது. அந்தக் கட்டில் ஒரு சவ அடக்க நிதி ரசீது இருக்கலாம். பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, அதே ஊரான் ஒருவன் தன் கூலியிலிருந்து காசு கொடுத்ததற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது.