ஆட்டோகிராப் நோட்டு காலமானது

பிளஸ் டூ பிராக்டிகல் முடிந்து ஸ்டடி லீவு விடுவதற்கு இடைப்பட்ட நாட்களில் தமிழகத்துப் பள்ளிகளில் கை மாறிக் கை மாறிச் சுற்றிக்கொண்டிருந்த ஆட்டோகிராப் நோட்டு காலமாகிவிட்டது. இறந்த தேதி யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து எதிர்க்கடைக்காரர் ஒரு வருடம் பழைய சரக்கையே தூசி தட்டித் தொங்கவிட்டார். அடுத்த வருடம் தொங்கவிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய உருவம். மேலட்டையில் ரோஜாப் பூ, இல்லாவிட்டால் சூரிய அஸ்தமனம். உள்ளே இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், இளம்பச்சை, வெளிர்நீலம் என்று மாறி மாறித் தாள்கள். தாளில் கோடு கிடையாது. பன்னிரண்டு வருடமும் கோட்டுக்குள்ளேயே எழுதிப் பழகியவனின் கையெழுத்து அதில் மலையேறும், இல்லையேல் பள்ளத்தில் இறங்கும். அதை மறைக்கச் சிலர் பென்சிலால் கோடு போட்டு எழுதிவிட்டுப் பிறகு ரப்பரால் அழிப்பார்கள். அழித்த தடம் இன்றைக்கும் அந்தத் தாள்களில் இருக்கும்.

குலம் பெரியது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர்களிடமும் தோழர்களிடமும் எழுதி வாங்கிய நட்பேடுகள்தாம் இதன் முன்னோர். ஊர் ஊராகப் போய்ப் படித்தவர்களுக்கு அந்த ஏடு நினைவுச் சின்னமாகவும் இருந்தது, இன்னாருக்கு வேண்டியவன் என்று காட்டும் சிபாரிசுக் கடிதமாகவும் இருந்தது. 1792இல் பீத்தோவன் பான் நகரை விட்டு வியன்னாவுக்குக் கிளம்பியபோது நண்பர்கள் எழுதிக் கொடுத்த ஏடும் இதே வம்சம். நம் ஊரில் இது முதலில் பிரமுகர்களைத் துரத்தியது. காந்தி கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி அரிஜன நிதியில் சேர்த்தார். பிரமுகர்களை விட்டுவிட்டுப் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் நோட்டை நீட்டியபோதுதான் இதற்கு மரியாதை வந்தது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளி முடிந்த காலத்திலும் இருந்தது. 1978இல் பிளஸ் டூ வந்ததும் அதோடு ஒட்டிக்கொண்டது.

அதற்கென்று சில முறைகள் உண்டு. முதல் பக்கம் வகுப்பாசிரியருக்கு. தலைமையாசிரியர் பச்சை மையில் ஒரு வாழ்த்தும் கையெழுத்தும் போட்டுத் தருவார். உயிர் நண்பனிடம் “ரெண்டு பக்கம் எடுத்துக்கோடா” என்பார்கள். அவன் எழுதிவிட்டுத் தாளை மூலைவாக்கில் மடித்து, ‘பரீட்சை முடிந்த பிறகு திறக்கவும்’ என்று மேலே குறித்துவைப்பான். அன்றைக்கு ராத்திரியே அது திறக்கப்படும்.

இறந்துவிட்டது என்பதற்காகப் பொய் சொல்லக் கூடாது. அதில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி திருட்டுச் சரக்கு. கடல், கப்பல், ரோஜா, முள், நிலா என்று ஐந்தாறு சொற்களை வைத்துக்கொண்டு ஒரே கவிதை மாநிலம் முழுக்கச் சுற்றியது. அண்ணனின் நோட்டிலிருந்து தம்பி எடுத்தான், தம்பியிடமிருந்து வகுப்பே எடுத்தது. ஆங்கில வாசகம் ஒன்றை எழுத்துப்பிழையோடு எழுதி அதன் கீழே இரட்டைக் கோடு போடுவது தனிக் கௌரவம். லட்சியம் என்ற இடத்தில் பாதிப் பேர் கலெக்டர், மீதிப் பேர் டாக்டர். கணக்கில் ஃபெயிலாகிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்தவனும் ஐ.ஏ.எஸ். என்றுதான் எழுதினான்.

முகவரி கேட்கும் இடத்தில் விஷயம் சிக்கலானது. வகுப்பில் எல்லோரும் ஒரே சீருடை. நோட்டில் மேலத்தெரு, அக்ரகாரம், காலனி என்று தனித்தனியாகப் பிரிந்து நின்றார்கள். அந்த ஒரு வரி எதைச் சொல்லிவிடும் என்பது எழுதுகிறவனுக்கும் தெரியும், வாசிக்கிறவனுக்கும் தெரியும். அதனால் சிலர் ஹாஸ்டல் முகவரி கொடுத்தார்கள், சிலர் மாமா வேலை பார்த்த கடையின் முகவரி கொடுத்தார்கள். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தது 2025 ஏப்ரலில். பதினேழு வயதுப் பிள்ளைகள் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அதைத் தங்கள் கையால் நீக்கிப் பார்த்திருந்தார்கள். பெண் பிள்ளைகளின் முகவரி அப்பா பெயரில் இருக்கும். கல்யாணம் ஆனதும் அதுவும் செல்லாது. இருபாலர் பள்ளியில் படித்த பெண்ணின் நோட்டை வீட்டில் அண்ணன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பான் என்பதால், பையன்கள் அதில் சகோதரி என்றே தொடங்கினார்கள்.

இத்தனை குறைகளோடும் அதற்கு இரங்கல் எழுத ஒரு காரணம் உண்டு. வகுப்பில் ஒருவனுக்கு நோட்டைக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும். “அவன்கிட்ட குடுத்த, என்கிட்ட குடுக்கல” என்ற பேச்சு வரக் கூடாது. ஆகவே இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாத கடைசி பெஞ்சுக்காரனிடமும் நோட்டு போனது. அவனும் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், இவனைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசித்தான். கடன் வாங்கிய கவிதையை எழுதி முடித்த பிறகும் தாளில் இடம் மீதி இருந்தது. அந்த மீதி இடத்தில்தான் உண்மை வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நீ எனக்கு காம்பஸ் கொடுத்தாய். வாத்தியார் அடித்தபோது நீ சிரிக்கவில்லை. உன் டிபன் பாக்ஸ் தக்காளி சாதம் நன்றாக இருக்கும். நேரில் சொல்லக் கூச்சமான வாக்கியங்கள் இவை. பிரியப் போகிறோம் என்ற சாக்கு அந்தக் கூச்சத்துக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்தது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவர்கள் ‘மன்னித்துவிடு’ என்று எழுதியதும் அந்த வாரத்தில்தான்.

பிரிவு நிஜமாக இருந்தவரை நோட்டு உயிரோடு இருந்தது. வீட்டில் போன் கிடையாது. இருந்தால் பக்கத்து வீட்டு பி.பி. நம்பர். ஒருவன் பாலிடெக்னிக் போவான், ஒருவன் திருப்பூர் போவான், ஒருத்திக்கு வைகாசியில் கல்யாணம். பிறகு பார்ப்போம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2003இல் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசமானது. சேரனின் ‘ஆட்டோகிராப்’ படம் 2004இல் வந்தது. ஆளுக்குச் சிலை வைக்கும் நேரத்தில் ஆள் படுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். இதிலும் அப்படியே நடந்தது. 2011இல் பிளஸ் டூ மாணவர்கள் கைக்கு அரசு லேப்டாப் வந்தது, குரூப் போட்டோ அதற்குள் போனது. 2016இல் ஜியோ வந்தபின் பள்ளி முடிவதற்கு முன்பே வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தயார். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தானபோது, அந்த ஆண்டுப் பிள்ளைகள் கடைசி நாள் எது என்றே தெரியாமல் பள்ளியை விட்டுப் போனார்கள். அவர்களும் நோட்டைத் தேடவில்லை. குழு இருந்தது.

குழுவைக் குறை சொல்ல முடியாது. நோட்டு சாதிக்காததை அது சாதித்தது. நோட்டில் இருந்த முகவரிகளுக்குப் போன கடிதங்கள் குறைவு. முதல் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்தது, இரண்டாம் பொங்கலுக்கு வரவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து ஆட்களைத் தேடிப் பிடித்து, ஒரே நிறச் சட்டையும் சேலையுமாக மேடை ஏற்றி, ஆசிரியர்களுக்குச் சால்வை போட்டு, பள்ளிக்குப் பத்து பெஞ்சு வாங்கிக் கொடுத்தது செல்போன்தான்.

நோட்டுக்கு வாரிசுகள் உண்டு. ஸ்லாம் புக் தங்கை முறை. பிடித்த நிறம், பிடித்த நடிகர் என்று கேள்வி அச்சடித்து வரும், கேட்டதற்கு மேல் எழுத இடம் தராது. கடைசித் தேர்வு நாளில் வெள்ளைச் சட்டை முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதும் பழக்கம் பேரப் பிள்ளை. குறும்பும் பாசமும் உண்டு, ஆனால் முதுகில் நாலு வரி எழுத முடியாது. வீட்டுக்குப் போனதும் அம்மா துவைத்துவிடுவார்.

இன்று வகுப்பில் யாரும் யாரையும் பிரிவதில்லை. காலை வணக்கம் வருகிறது, பிறந்த நாளுக்குக் கேக் படம் வருகிறது, நாற்பது பேரும் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவன் இன்னொருவனை மட்டும் நினைத்து, பேனாவைக் கடித்தபடி, இவன் எனக்கு என்ன செய்தான் என்று பத்து நிமிடம் யோசிக்கும் வேலை ஒன்று இருந்தது. நோட்டு போனபின் அந்தப் பதவி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நிரப்ப யாரும் விண்ணப்பம்கூடக் கேட்கவில்லை.